அல்பின் வந்த வழி

தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்து, பெயர் வைக்கும் முப்பதாம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகை நட்சத்திரம். அ, இ, உ, எ என்று நான்கு எழுத்துகளைச் சோதிடர் எழுதிக் கொடுத்திருந்தார். இலங்கை மலையகத்தின் பசறையில் இப்போது ஆண் பிள்ளைகளைக் கூப்பிடும் குரல்களில் கெவினும் ரயனும் ஷானும் அடிக்கடி காதில் விழுகின்றன. மூன்றுமே அயர்லாந்தின் கேலிக் மொழி வழியே வந்த பெயர்கள். கெவினின் பழைய உச்சரிப்பு ஏறக்குறைய ‘கீவீன்’. அழகிய பிறப்பு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நம் கவினும் அழகுதான். இரண்டுக்கும் உறவு கிடையாது, ஆனாலும் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

தம்பிக்கு யாரும் வைக்காத பெயர் வேண்டும். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னான்: “அல்பின்.”

அப்பாயி நிமிர்ந்து பார்த்தாள். “கிளன் அல்பினா? தோட்டத்துப் பேரையா புள்ளைக்கு வைப்பாங்க?”

அவள் பிறந்தது பதுளைக்குப் பக்கத்துக் கிளன் அல்பின் தோட்டத்தில். கல்யாணமாகித்தான் பசறைப் பக்கம் வந்தாள். தோட்டத்துக்குப் போகுமுன்பே அது ஆண்பிள்ளைகளின் பெயர்தான் அப்பாயி, என்றேன் நான். அவள் நம்பவில்லை. அதனால் அந்தப் பெயர் வந்த வழியை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

‘கிளென்’ என்றால் மலைகளுக்கு இடையே ஓடும் பள்ளத்தாக்கு. ஸ்கொட்லாந்துக் கேலிக் மொழியின் ‘க்ளௌன்’ ஆங்கிலத்தில் அப்படித் தேய்ந்தது. அல்பின் என்பது ஸ்கொட்லாந்தின் மிகப் பழைய ஆண் பெயர். அங்கே முன்பு வாழ்ந்த பிக்ட் மக்களின் அரசர் வரிசையில், 8-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே ஓர் அல்பின் இருக்கிறான். வெல்ஷ் மொழியில் எல்ஃபின் என்று இதற்கொரு பங்காளி உண்டு. லத்தீனில் வெண்மையைக் குறிக்கும் அல்பினுஸிலிருந்து வந்தது என்று கருதுவோரும் உண்டு. கேலிக் பேசியவர்கள் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி நெடிலாக நீட்டி ‘அல்பீன்’ ஆக்கிக்கொண்டார்கள். அந்த நெடிலைப் பிற்பாடு ஆங்கிலம் குறுக்கிவிட்டது.

பெயருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவன் பிற்காலத்து வேறோர் அல்பினின் மகன். கினெத் மக் அல்பின். 843 வாக்கில் பிக்ட் மக்களுக்கு அரசனாகி 858-இல் இறந்தவன். ஸ்கொட்லாந்தின் முதல் அரசன் என்று மரபு அவனைச் சொல்கிறது. ‘மக்’ என்றால் மகன். அவனவன் தன் பெயரைச் சொல்லி, இன்னாருக்கு மகன் என்று தகப்பன் பெயரையும் சொல்வான். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு இந்த வழக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. குடும்பப் பெயர் எது என்று கேட்கும் வெளிநாட்டுப் படிவங்களின் முன்னால் நாம் திகைத்து நிற்பதும் இதனால்தான்.

பல நூற்றாண்டுகள் கழித்து, தாங்கள் அல்பினின் வித்து என்று சில குலங்கள் உரிமை கொண்டாடின. அவற்றில் மக்கிரெகர் குலத்தின் கதையில் என் மனம் நின்றுவிடுகிறது. 1603-இல் அரசு அந்தப் பெயரையே தடைசெய்தது. மக்கிரெகர் என்று யாரும் தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது, மீறினால் உயிருக்கே ஆபத்து. அந்த மக்கள் வேறு வேறு பெயர்களுக்குள் ஒளிந்து வாழ்ந்தார்கள். இடையில் தடை நீங்கியது, மறுபடி வந்தது, முற்றாக ஒழிய 1774 ஆயிற்று. ஓர் அரசு சட்டம் போட்டு மனிதர்களின் அடையாளத்தைப் பறிக்க முடியும் என்பதை மலையகத்தில் பிறந்தவர்களுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? 1948-இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் எங்களில் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

1810-இல் வால்ட்டர் ஸ்காட் ‘த லேடி ஒஃப் த லேக்’ என்ற காவியத்தில் அல்பின் குலத்தைப் பாடினார். அது ஏராளமாக விற்றது. கேலிக் ஒரு சொல்கூடத் தெரியாத வீடுகளுக்கும் அல்பின் போய்ச் சேர்ந்தான். இலங்கைக்கு வந்த தோட்டத்துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையைச் சேர்ந்தவர்கள். 1867-இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்தப் பக்கத்துக் கின்கார்டின்ஷயர்க்காரர்தான். அங்கே பேசப்பட்டது வேறு பேச்சு. கேலிக் அவர்களுக்குப் பாட்டன் வீட்டுப் பழம்பொருள் மாதிரி. பேசத் தெரியாது, ஆனால் பெருமை உண்டு. காடு வெட்டிக் கோப்பி போட்ட மலைகளுக்கு அந்தப் பெருமையிலிருந்து பெயர்களை எடுத்துச் சூட்டினார்கள். பண்டாரவளைப் பக்கத்துக் கிரேக் தோட்டத்தின் பெயருக்குக் கேலிக்கில் பாறை என்று பொருள். எல்லாத் தோட்டமும் அப்படியில்லை. எங்கள் பசறையில் எல்டெப் தோட்டம் இருக்கிறது. 1884-இல் பிரித்தானியப் படை சண்டையிட்ட சூடான் ஊரின் பெயர் அது.

1869-இல் இலைநோய் தாக்கியது, மெல்ல மெல்லக் கோப்பி செத்தது. பெயர்கள் சாகவில்லை. கோப்பிச் செடியைப் பிடுங்கிய மண்ணில் தேயிலை வந்தது, அதே பெயரில். அந்த மலைகளை ஏறி வந்தவர்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து மனிதர்கள். பதுளைக்கு ரயில் வந்ததே 1924-இல்தான். அதற்கு முன் வந்தவர்களின் கால்களுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும். அவர்கள் வாயில் கிளென் கிளன் ஆனது. இரண்டு சொல் ஒட்டி ‘கிளனல்பின்’ ஆனது. நாளாக நாளாக அது துரையின் சொத்தாக இல்லாமல் போனது. மலையகத்தில் முதன்முதல் சந்திக்கிறவர்கள் “நீங்க எந்தத் தோட்டம்?” என்றுதான் கேட்பார்கள். பதுளை மண்ணில் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் தோட்டத்தின் பெயரைத்தான் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, 2022-இல் மறையும்வரை அப்படியே எழுதினார்.

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கே தனி அர்த்தம் உண்டு. ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நிற்பதும், மலையேறுவதும், மழையில் நனைவதும் அந்த முழுப்பேருக்காக. செக்ரோல் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் சம்பளம். மனிதர்களின் சொந்தப் பெயரோ கண்டபடி எழுதப்பட்டது. தமிழ் தெரியாதவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். சிங்களத்தில் ழகரம் இல்லை, எனவே அழகம்மாக்களும் பழனியாண்டிகளும் ழகரத்தை இழந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று என்று ஓர் எழுத்துக்காகக் கச்சேரி அலுவலகத்துக்கு அலைந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. எங்கோ இருந்த அல்பின் பெயர்ப்பலகையில் பிழையில்லாமல் நிற்க, அந்தத் தேயிலையை வளர்த்தவர்களின் பெயர்கள் பிழையாகவே பதிவேட்டில் கிடந்தன. இதை நினைக்கும்போது எனக்கு வலிக்கிறது. அந்தப் பெயரை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் அதனால்தான்.

தமிழாசிரியரான மாமாவிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். “அல்லும் பகலும்னு சொல்றோமே, அல்னா ராத்திரி. அல், பின். ராத்திரிக்குப் பின்னால வர்றது விடியல். புணர்ச்சிப்படி அற்பின்னு ஆகணும். பெயர்ச்சொல்தானே, பிரிச்சே வச்சுக்குவோம்” என்றார். கேலிக்கில் அதற்கு அப்படியொரு பொருள் கிடையாது. அது எங்கள் வீட்டில் கிடைத்த பொருள்.

அப்பாயி வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு மொதமொதல்ல முழுப்பேரு விழுந்தது அங்கதான்டா. பதினாலு வயசு. கொழுந்துக் கூடையோட எங்கம்மாகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன்.”

மறுநாள் தம்பி படிவத்தை நிரப்பினான். தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம் எழுதி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தான். இரண்டிலும் ஓர் எழுத்தும் தப்பவில்லை.

முப்பதாம் நாள் இரவு, சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு அப்பாயி பிள்ளையைக் கூப்பிட்டாள். தாலாட்டுக்குக் குறில் போதாது. “அல்பீனு... அல்பீனு...” என்று நீட்டினாள். ஆங்கிலம் குறுக்கிய ஈகாரம் அவள் வாயில் திரும்பி வந்திருந்தது.