எழுத்தர் பணியும் எந்திரமும்

தெற்கேயிருந்து வந்து இப்பெருநகரங்களில் குடியேறிய குடும்பங்களின் வரலாற்றைக் கல்வெட்டிலோ செப்பேட்டிலோ தேட வேண்டுவதில்லை. பழைய டிரங்குப் பெட்டிகளில் மடித்து வைத்துள்ள தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழ்களே அதற்குப் போதும். கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் பாலக்காட்டிலும் ‘ஏ, எஸ், டி, எஃப்’ என்று விரல் பழகி, ‘லோயர்’, ‘ஹையர்’ என இரு தேர்வுகளிலும் தேறி, சுருக்கெழுத்தும் கற்று ரயிலேறியவர்கள் பம்பாய் மாதுங்காவிலும் தில்லி கரோல்பாக்கிலும் இறங்கினர். அவர்கள் வழிவந்தோர் நம் காலனிகளில் பலர். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எழுத்தர் வேலைக்கு இடமில்லை என்று நாடெங்கும் பேசப்படும் இந்நாளில், அப்பேச்சின் முன்கதையை நாம் அறிந்திருத்தல் நலம்.

நம்மவர்க்குச் சோறு போட்டதே ஓர் எந்திரந்தான். ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்து முறையை 1837-இல் வெளியிட்டார். ரெமிங்டன் நிறுவனத்தார் 1870-களில் தட்டச்சுப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதற்கு முன் அலுவலகங்களில் அழகிய கையெழுத்தால் பிழைத்தவர்கள் நகல் எழுத்தர்கள். பொறி அவர்களுடைய தொழிலை விழுங்கிற்று. அவர்கள் எழுந்த நாற்காலியில் தட்டச்சாளர் அமர்ந்தார். அந்தப் பழைய எழுத்தர்களைப் பற்றி நம் வீடுகளில் எவரும் பேசியதில்லை. பேசுவானேன்? நமக்கு ஆதாயமாக முடிந்த மாறுதலை நாம் முன்னேற்றம் என்றே அழைக்கிறோம்.

1955-இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்நாட்டிலேயே தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கியபோது அது சுதேசித் தொழிலின் பெருமையாகக் கருதப்பட்டது. அந்த நாற்காலிக்கு எத்துணை மதிப்பிருந்தது என்பதற்குப் பம்பாயின் வரலாறே சான்று. 1966-இல் அங்கே சிவசேனை தோன்றிய காலத்தில், அலுவலக வேலைகளில் தென்னாட்டார் மலிந்துவிட்டனர் என்பதே அதன் முதன்மையான குறைகளுள் ஒன்றாக ஒலித்தது. அயலார் பங்கு கேட்கும் அளவுக்கு உயர்ந்த வேலை அது!

ஆனால் அந்நாற்காலிக்கு வேறொரு போட்டியாளரும் அதே ஆண்டுகளில் வந்து சேர்ந்தார். 1956-இல் 245 காப்பீட்டு நிறுவனங்களும் சேமநிதிச் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவாயிற்று. பாலிசிக் கணக்கு, பிரீமியம் அறிவிப்பு, முகவர் கமிஷன் என மலைபோல் குவிந்த வேலைக்கு, 1960-களின் நடுவில் கழகம் கம்ப்யூட்டரை நாடியது. பம்பாயில் அது நிறுவப்பட்டது. கல்கத்தாவிலோ ஊழியர்கள் அதை உள்ளே விடவில்லை; எந்திரம் வைக்கப்படவிருந்த இலாக்கோ கட்டடத்தை இரவு பகலாகக் காவல் காத்தனர். இதைச் சிலர் இன்று பழைமைவாதம் என்று நகைப்பர். அது முறையன்று. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்த காலத்தில், ஓர் எந்திரம் எத்தனை பேருடைய பணியைச் செய்யும் என்ற கணக்கை அது வருமுன்பே கேட்டவர்கள் அவர்கள். தன்னியக்கத்தை ஆராய அரசு ஒரு குழுவை அமர்த்தியதும், பேராசிரியர் தாண்டேகர் தலைமையில் அக்குழு 1972-இல் அறிக்கை அளித்ததும் அந்தக் கிளர்ச்சியை ஒட்டி நிகழ்ந்தவையே.

வங்கிகளில் கதை வேறு விதமாக நடந்தது. 1983-இல் நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் எந்திரமயத்தைப் பற்றி உடன்பாடு செய்துகொண்டன. மறு ஆண்டு ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வழிமுறை வகுத்தது. ரயில்வேயில் 1985-இல் புதுதில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கிற்று. ஊருக்குப் போக விடியுமுன் வரிசையில் நின்ற எவரும் அதை எதிர்த்திருக்க மாட்டார்!

இனி நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. இவ்வளவு எந்திரங்கள் வந்தும், ‘நாளை முதல் வராதே’ என்று எழுத்தர்களைக் கூட்டமாக வெளியேற்றியதாக அந்நாளைய அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் காண்பதற்கில்லை. 2000–2001-இல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் விலகியதும் விருப்ப ஓய்வுத் திட்டத்தின்படியே. ஓய்வு பெற்றவரின் நாற்காலி மட்டும் நிரப்பப்படவில்லை. தந்தை மாலையும் கையுமாக வழியனுப்பப்பட்டார். அவர் நுழைந்த கதவு மகனுக்குத் திறக்கவில்லை. வேலை நீக்கத்தை எதிர்த்துக் கொடி பிடிக்கலாம். வெளிவராத விளம்பரத்தை எதிர்த்து யார் கொடி பிடிப்பார்? நல்லூழாக, அதே கம்ப்யூட்டர் மென்பொருள் தொழிலென்னும் வேறொரு கதவைத் திறந்தது. பிள்ளைகள் அவ்வழியே சென்றனர், நாமும் நிம்மதியடைந்தோம்.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானது முதல் அந்த நிம்மதி ஆட்டம் கண்டிருக்கிறது. கடலளவு எழுத்தைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கணித்து வாசகம் புனையும் பொறி இது. கடிதம் வரையும், கோப்பைச் சுருக்கும், கம்ப்யூட்டர் நிரலும் எழுதும். பாட்டனார் பார்த்த வேலையையும் பேரன் பார்க்கும் வேலையையும் ஒருங்கே கேட்கும் எந்திரம் இதற்குமுன் வந்ததில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லாத் தொழில்களிலும் எழுத்தர் பணியே இதன் தாக்கத்துக்கு மிகுதியும் உள்ளாகக் கூடியது என்று கண்டது. அப்பணியின் கூறுகளில் 24 விழுக்காடு மிகுந்த தாக்கத்துக்கும், 58 விழுக்காடு நடுத்தரத் தாக்கத்துக்கும் உரியவை என்பது அதன் மதிப்பீடு. வேலைகள் முற்றும் அழிவதைக் காட்டிலும் அவற்றின் தன்மை மாறுவதே மிகுதியாக இருக்கும் என்றும், பெண்களுக்கு இடர்ப்பாடு கூடுதல் என்றும் அவ்வாய்வு கூறுகிறது.

தன்மை மாறும் என்பதை வைத்து ஆறுதல் கொள்வோர் உளர். பொறி தவறும், தவறுவதையும் தயக்கமின்றிச் சொல்லும், ஆகவே சரிபார்க்க மனிதர் வேண்டும் என்பர். உண்மைதான். ஆயின் சரிபார்க்கும் அறிவு எங்கிருந்து வந்தது? புதிதாய்ச் சேர்ந்த எழுத்தர் வரைந்த நகலை மேற்பார்வையாளர் சிவப்பு மையால் அடித்துத் திருப்பியனுப்புவார். பத்து முறை அடிபட்டவர் பதினோராம் முறை நன்றாக எழுதுவார். சில ஆண்டுகளில் அவர் கைக்கும் சிவப்பு மை வரும். ஏணியின் முதற்படியைப் பொறியிடம் விட்டுவிட்டால், பத்தாம் படிக்கு ஆள் எங்கிருந்து ஏறி வருவார்? இக்கேள்வியை நிறுவனங்கள் தாமே கேட்டுக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதற்படியில் மிச்சமாகும் சம்பளம் இவ்வாண்டுக் கணக்கில் வரவாகத் தெரியும். பத்தாம் படியின் வெறுமையோ பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியும்.

கல்கத்தா ஊழியர் எந்திரம் வருமுன் கேட்டதைப் போல, ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் எத்தனை புதியவர்களைப் பயிற்சிக்கு எடுத்தது என்ற கணக்கை வெளியிட வேண்டும் என்று இப்போதே கேட்கலாம். ஆட்குறைப்புச் செய்தி நாளிதழில் தானே வந்துவிடும். இந்தக் கணக்கைக் கேட்டால்தான் தருவார்கள்.