முறை வரும் வரை

கோபால் என்றதும் யாரோ ஓர் ஆள் என்று நினைக்க வேண்டாம். சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு போன்ற அலுவலக வேலைகளுக்காகப் பிறந்த கம்ப்யூட்டர் மொழி அது. 1959-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் கூடிய குழுவினர் அதை வகுக்கத் தொடங்கினார்கள். கிரேஸ் ஹாப்பர் அம்மையார் முன்பே செய்திருந்த ஃப்ளோ-மேட்டிக் மொழி அதற்கு அடித்தளம்.

அதில் 'பெர்ஃபார்ம் அன்டில்' என்றொரு கட்டளை. சொன்ன நிபந்தனை நிறைவேறும் வரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய் என்று பொருள். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் இது 'ஜுஸ்கா'. தமிழில் 'ஆள் இருக்கும் வரை' என்றும் சொல்லலாம், 'ஆள் தீரும் வரை' என்றும் சொல்லலாம். கோபாலுக்கு இரண்டாவதுதான் புரியும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன் நிபந்தனையைப் பார்க்கும். பட்டியல் காலியென்றால் ஒரு தடவைகூடச் செய்யாது. செய்துவிட்டுப் பார்க்கும் வசதி 1985-ஆம் ஆண்டுத் தரத்தில்தான் சேர்ந்தது.

ஆரம்பாக்கம் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பழவேற்காடு ஏரியின் பாடு முறையை எண்ணிப் பாருங்கள். வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிடிக்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை.

ஆனால் உரிமைப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எத்தனை சுற்று போனாலும் முறை வராது. யார் பெயர் சேர வேண்டும் என்பதை ஊர்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

நம் பென்ஷன் பட்டியலும் அப்படியே. பெயர் விடுபட்டால் கம்ப்யூட்டர் ஒரு தப்பும் செய்யாமலே நம்மைத் தாண்டிப் போய்விடும். ஆகவே நண்பர்களே, வாழ்நாள் சான்றிதழை மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.