இடுப்பு எலும்பும் மூன்று கேள்விகளும்

புனேயில் மயக்க மருத்துவராக வேலை. ஊரில் அப்பாவோ அம்மாவோ வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டால், இங்குள்ள தமிழ் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எண்பது வயசாச்சு, ஆபரேஷன் தாங்குவாங்களா?" டாக்டர்களும் இதே கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதை கொஞ்சம்.

1941-ல் அமெரிக்காவில் சக்லாட், ரோவன்ஸ்டைன், டெய்லர் என்ற மூவர் நோயாளிகளைத் தரம் பிரித்தார்கள். கேஸ் ஷீட்டில் இன்றும் 'ஏஎஸ்ஏ 2', 'ஏஎஸ்ஏ 3' என்று எழுதுகிறோமே, அதன் மூலம் இதுதான். வேடிக்கை என்னவென்றால், இது உடல்நிலையை மட்டும்தான் சொல்லும், ஆபரேஷனின் ஆபத்தை அல்ல என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஜோசியம் பார்க்க அதை எடுத்துக்கொண்டது பின்னால் வந்தவர்கள்!

அடுத்தவர் க்ளீவ்லாண்டின் சிட்னி காட்ஸ். இடுப்பு உடைந்த முதியவர்களைக் கூர்ந்து கவனித்தார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலம் அடக்குவது, சாப்பிடுவது. இந்த ஆறில் எதெல்லாம் தானே செய்ய முடிகிறது என்று குறித்துக்கொண்டார். 1963-ல் வெளியிட்டார். இழந்த திறமைகள் திரும்பும் வரிசை, குழந்தை வளரும் வரிசை மாதிரியே இருந்ததாம். தானே சாப்பிடுவது முதலில், குளிப்பது கடைசியில்.

1993-ல் இங்கிலாந்தின் பார்க்கரும் பால்மரும் இன்னும் சுருக்கினார்கள். விழுவதற்கு முன் வீட்டுக்குள் நடந்தாரா? வெளியே போனாரா? கடைக்குப் போய் வந்தாரா? துணையில்லாமல், சிரமமில்லாமல் என்றால் 3, கைத்தடியோடு 2, ஆள் துணையோடு 1, முடியவே முடியாது என்றால் 0. மொத்தம் 9. மூன்றே கேள்விகள், ஓராண்டுக்குப் பின் யார் உயிரோடு இருப்பார் என்பதை நன்றாகவே கணித்தன.

2008-ல் வந்த நாட்டிங்ஹாம் மதிப்பெண் முதல் 30 நாள் ஆபத்தைக் கணிக்கிறது. அதில் வயசு உண்டு. ஆனால் ஹீமோகுளோபின், ஞாபகசக்தி, மற்ற நோய்கள், முதியோர் இல்லத்தில் இருந்தாரா என்பதும் உண்டு. வயசு பல வரிகளில் ஒரு வரி, அவ்வளவுதான்.

மதிப்பெண் குறைந்தால் ஆபரேஷன் வேண்டாம் என்று அர்த்தமில்லை. ரத்தம், சத்து, பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே தயாராகுங்கள் என்று அர்த்தம்.

இதில் நமக்கென்ன? அந்த மூன்று கேள்விகளை டாக்டர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் பிள்ளைதான். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, போனில். "நல்லாத்தான் இருந்தாங்க" என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்ட்டியாம்மா?" என்பதோடு, "கடைக்கு யார் போனது?" என்றும் கேட்டு வையுங்கள்.