வடகம் போன ஊர்கள்



சித்திரை பிறந்துவிட்டால் முன்பெல்லாம் நம் புதுச்சேரி வீதிகளில் ஒரு வாசனை கிளம்பும். இடித்த சின்ன வெங்காயமும் பூண்டும் வெயிலில் காயும் வாசனை. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். நமக்கோ பசி எடுக்கும். இந்த ஆண்டு எங்கள் வீதியில் ஒரே ஒரு வீட்டு மாடியில்தான் வடகம் காய்ந்தது. அதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

1975-இல் என்னை ஏனாமுக்கு மாற்றினார்கள். அதுவரை அம்மா சமையலைத் தவிர வேறு அறியாதவன். பஸ்ஸில் சென்னை, அங்கிருந்து இரவு ரயிலில் சாமல்கோட், பிறகு காக்கிநாடா வழியாக மறுபடி பஸ். நான் படித்தது பிரெஞ்சு. அலுவலகக் குறிப்பு எழுத வேண்டியது ஆங்கிலத்தில். மனு கொண்டுவருபவர் பேசுவது தெலுங்கு. மனுவைப் படித்துச் சொல்லப் பியூனைக் கெஞ்ச வேண்டும். புதுச்சேரிக்கு அனுப்பிய கோப்பு எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. இத்தனையும் பொறுத்துக்கொள்ளலாம். இரவு மெஸ்ஸில் கோங்கூராவும் காரப்பொடியும் முன்னால் வரும்போதுதான் அழுகை வரும். அவர்கள் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை, நல்ல சாப்பாடுதான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது பழைய சோறும் வடகத் துவையலும்.

ஒரு குமாஸ்தா எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஆந்திரத்துக்கு நடுவே போய் உட்கார வேண்டியதற்குக் காரணம் நம் சரித்திரம். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் ஒன்றையொன்று தொடாத ஊர்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நான்கும் இந்தியாவின் கைக்கு வந்தன. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம், முன்பிருந்த தனி நிர்வாக நிலை தொடரும், மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்றலாம் என்றது. அதனால் நான்கும் ஒரே நிர்வாகமாகவே நின்றன. அந்த ஒரு ஷரத்துதான் என்னையும் என் பெட்டியையும் ஏனாமில் இறக்கிவிட்டது.

ஆனால் எனக்கு முந்தியவர்கள் போன தூரம் இதைவிட அதிகம். பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோனைப் பிடித்தார்கள். அங்கே எழுத்தர், போலீஸ், சுங்கம், வரி வசூல் என்று பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1881-இல் வந்த ஓர் ஆணைப்படி, நம் ஊர்க்காரர்கள் தங்கள் பழைய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்றானது. அப்படி ஏற்றவர்கள் பலர் புதுக் குடும்பப் பெயரோடு கப்பல் ஏறினார்கள். என் சின்னத் தாத்தாவும் அங்கே ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர்.

சின்னப் பாட்டி சொல்லுவார்: "அரிசிக்குப் பஞ்சமில்லை, மீனுக்குப் பஞ்சமில்லை. வெயிலைத்தான் பார்த்துப் பிடிக்கணும்." சைகோனில் மே மாதமே மழை தொடங்கிவிடும். நாம் வைகாசியில்கூட வடகம் போடலாம், அங்கே மாசியிலேயே முடித்துவிட வேண்டும். ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு டின் வடகம் இருக்குமாம். குழம்பு அங்கத்திய மீனில்தான், தாளிப்பு மட்டும் புதுச்சேரி.

1954-இல் அங்கே பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. திரும்பி வந்தவர்களுக்கு இங்கே வேறு ஏக்கம். சைகோனில் வடகத்துக்கு ஏங்கிய அதே பாட்டி, இங்கே வந்து 'நெம்' சுருட்ட அரிசித்தாள் கிடைக்கவில்லையே என்று புலம்பினார். இன்று நம் ஊரில் பல வீடுகளில் விசேஷத்துக்கு நெம் பொரிக்கிறார்கள் என்றால், அது அந்தப் புலம்பலின் மிச்சம்.

பிறகு 1962 ஆகஸ்ட் 16. ஒப்பந்தம் சட்டப்படி நடப்புக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் எழுதினார், தம்பி எழுதவில்லை. எழுதியவர்களின் பிள்ளைகள் பலர் பிரான்சுக்குப் போனார்கள். அவர்கள் பெட்டியிலும் வடகம் போனது. இன்று அங்கே கடைகளில் 'வடுவான்' என்று சீசாவில் விற்கிறார்கள். பெரிய சமையல்காரர்களும் பயன்படுத்துகிறார்களாம். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம், நம் வடகம்தான்.

இனி என் கதையின் மீதி. முதல் வருடம் அம்மா, ஏனாமுக்கு வந்த ஓர் ஊழியரிடம் ஒரு டின் வடகம் கொடுத்தனுப்பினார். கோதாவரிக் கரை ஈரத்தில் ஆவணிக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. அன்று அலுவலகத்தில் எனக்கு ஏதோ ஒரு கோபம். "சரியாகக் காய வைக்கத் தெரியாதா? இனி அனுப்ப வேண்டாம்" என்று கார்டு எழுதிப் போட்டுவிட்டேன். அம்மா பதில் எழுதவில்லை. அடுத்த கோடையில் ஒரு டின் வந்தது. உருண்டைகள் கல் மாதிரி இருந்தன, கறுத்து, விளக்கெண்ணெய் மினுமினுப்போடு. கடைசி உருண்டை வரை கெடவில்லை. பத்து நாள் மொட்டை மாடியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காக்கை ஓட்டி அம்மா காவல் இருந்ததை, அவர் போன பிறகுதான் அக்கா சொன்னார்.

முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் குறிப்பெழுதினேன். அம்மாவின் அளவை மட்டும் எழுதி வைக்கவில்லை. அக்காவிடம் கேட்டு, இரண்டு முறை கெடுத்து, இப்போது நானும் மனைவியும் போடும் அளவு இது: சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு 100 கிராம், ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்த உளுந்து 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 25 கிராம், வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை. வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து எல்லாவற்றையும் கலந்து ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் உருட்டிக் காய வைத்து, மாலையில் அதே சாற்றில் பிசைந்து, மறுநாள் மறுபடி உருட்டுங்கள். சாறு தீரும்வரை இப்படிச் செய்து, பிறகு உள்வரை காயும் வரை வெயில். கடைசியில் விளக்கெண்ணெய் தடவுங்கள்.

அம்மா கைப்பக்குவம் வரவில்லை. பக்கத்தில் வருகிறது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் அளவை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு டின் அனுப்பும்போது அந்தக் காகிதத்தையும் உள்ளே வைத்துவிடுங்கள்.