எழுத்தெண்ணும் தூது

தந்திச் சேவகர் வாயிலில் வந்து நின்றாலே வீட்டார் கலங்கிய காலம் ஒன்றிருந்தது. சொல்லுக்கு இவ்வளவு காசு என்று கணக்கிருந்தமையால், மகன் பரீட்சையில் தேறிய செய்தியும் பாட்டி காலமான செய்தியும் ஒன்றுபோலவே மூன்று நான்கு சொற்களில் வந்து சேர்ந்தன. இந்தியாவில் அந்தத் தந்தி 2013ஆம் ஆண்டு ஜூலையில் விடைபெற்றது. ஆனால் எண்ணி எழுதும் சிக்கனம் அதற்கு நெடுநாள் முன்னரே கைப்பேசியில் மறுபிறவி எடுத்திருந்தது.

1985ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பான் நகரில் பிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்னும் பொறியாளர், தட்டச்சுப் பொறியில் மனத்தில் தோன்றிய வாக்கியங்களை அடித்து, அவற்றின் எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160க்குள் அடங்கின. தொலைபேசி அழைப்புகளுக்கு அடையாளம் கொடுக்கும் தடத்தில் எஞ்சிக் கிடந்த சிறு இடத்தையே செய்திக்குப் பயன்படுத்த வேண்டியிருந்தது; அதில் 1,120 பிட்டுகளே கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட்டு, ஆகவே 160. தமிழை யூனிகோடில் எழுதினாலோ ஒவ்வொரு குறிக்கும் பதினாறு பிட்டு, ஆகவே 70தான். அதிலும் ‘வணக்கம்’ என்பதில் நாம் காண்பது ஐந்தெழுத்து. புள்ளி இரண்டையும் தனியே எண்ணி இயந்திரம் சொல்வது ஏழு! தொல்காப்பியர் கணக்கு அதற்குத் தெரியாது.

1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் இளைஞர் முதல் குறுஞ்செய்தியை அனுப்பினார். கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். அவர் அதைத் தட்டியது கைப்பேசியில் அன்று, கணினியில். பெற்றவரின் கைப்பேசிக்கோ மறுமொழி எழுதும் வசதியே இல்லை.

கணினியிலிருந்து கைப்பேசிக்குச் சென்ற அந்த வழியே பின்னர் பொதுவழியாயிற்று. ரே டாம்லின்சன் 1971இல் மின்னஞ்சலுக்கு வகுத்த முகவரி முறை ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. அமெரிக்கக் கைப்பேசி நிறுவனங்கள், சந்தாதாரரின் பத்திலக்க எண்ணை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைத்து, நடுவே ‘@’ குறியிட்டு, ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி தந்தன. அம்முகவரிக்கு மின்னஞ்சல் எழுதினால், இடைநின்ற கணினி அதைக் குறுஞ்செய்தியாக்கிச் சேர்ப்பித்தது. அவர் கைப்பேசியில் விடை தட்டினால், அது மின்னஞ்சலாய்த் திரும்பி வந்தது. அனுப்புபவருக்குத் தனிக் கட்டணமும் இல்லை. ஊர்ச் சங்கத்தின் செயலாளரும் நள்ளிரவில் பழுதான கணினியும் ஒரே வாயிலில் நின்று செய்தி சொல்லலாம். இதைவிட எளிய ஏற்பாட்டை நினைப்பது அரிது.

ஒரு குறை இருந்தது. நண்பர் எந்த நிறுவனத்தின் சந்தாதாரர் என்பது தெரிந்தால்தான் முகவரி எழுத முடியும். 2003 நவம்பரில் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்ற அங்கே வழி பிறந்ததும், நேற்றுச் சரியாயிருந்த முகவரி இன்று பிழையாயிற்று.

மற்றொரு குறை இதனினும் பெரிது. காவலில்லாத வாயிலில் கள்வரும் நுழைவரன்றோ? அனுப்பியவர் பெயரை மின்னஞ்சலில் பொய்யாக எழுதுவது எளிது. அந்நாட்டில் செய்தி பெறுபவரும் பல வேளை காசு கொடுக்க வேண்டியிருந்ததால், வேண்டாத விளம்பரத்துக்கு அவரே கூலி கொடுத்தார். 2004இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், முன் இசைவின்றி இம்முகவரிகளுக்கு வாணிக விளம்பரம் அனுப்பலாகாது என விதித்தது. சட்டத்துக்கு அஞ்சுபவர் நிறுத்தினர், அஞ்சாதவர் தொடர்ந்தனர்.

2025 ஜூன் 17ஆம் நாள் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் தன் வாயிலை அடைத்தது. அதை நம்பியிருந்தவர்கள் தத்தம் முகவரிப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் எட்ட வேறு வழி தேட வேண்டியதாயிற்று.