எச்சரிக்கை நின்றது, பிழை தொடங்கியது

நாங்கள் கலைப்பீடக்காரர். சி மொழியில் ஒரு வரிகூட உருப்படியாக எழுதத் தெரியாது. ஆனாலும் வரலாறு படிக்கிற ஆக்களுக்கு இந்தக் கதை தெரியவேணும் எண்டு நினைக்கிறோம்.

சி நிரலில் நினைவகத்தைக் கவனிப்பது எழுதுகிறவரின் பொறுப்பு. ஓர் இடத்தை எடுத்து, அதில் எதையும் வைக்காமலே வாசித்தாலும் சி தடுக்காது. கிடந்த பழைய குப்பைதான் வரும். இப்படியான பிழைகளைப் பிடிக்க ஜூலியன் சீவர்ட் எழுதிய வால்கிரைண்ட் 2002இல் லினக்ஸுக்கு வந்தது. நிரலை ஓடவிட்டுப் பார்த்து, "இங்க ஒண்டும் வைக்காத இடத்தைப் பாவிக்கிறாய்" எண்டு அது எச்சரிக்கும்.

2006இல் டெபியன் லினக்ஸில், இரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பாவித்த நிரல்களைச் சோதித்தபோது இந்த எச்சரிக்கைகள் கொட்டின. தேடிப்போனால், ஒரே மாதிரி இரண்டு வரிகள். டெபியனில் அதைப் பராமரித்தவர் எழுந்தபாட்டுக்கு வெட்டவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் ஆக்களிடம் கேட்டார். பிழை தேட உதவுமென்றால் எடுக்கலாம் என்ற மாதிரிப் பதில் வந்தது. இரண்டையும் நிறுத்தினார். எச்சரிக்கையும் நின்றது.

ஆனால் பார்வைக்கு ஒன்றான அந்த வரிகள் செய்த வேலை வேறு. ஒன்று குப்பையையும் சேர்த்துக் கலக்கியது; போனால் நட்டமில்லை. மற்றதுதான் சாவிக்கு வேண்டிய எழுமாற்று மதிப்புகளை உள்ளே கொண்டுபோனது. அது போனபின் மிஞ்சியது நிரல் ஓடும்போது கிடைக்கும் செயல்முறை எண் மட்டும். அதன் வழமையான உச்சம் 32,768. ஊகிக்கவே முடியாதிருக்க வேண்டிய சாவியை, இருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தது. உபுண்டுவும் அகப்பட்டிருந்தது. மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் காணாது. இடைப்பட்ட காலத்தில் உருவான சாவிகளையும் எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யவேண்டி வந்தது.

வால்கிரைண்ட் பொய் சொல்லவில்லை. வெறும் இடம் எங்கே பாவிக்கப்படுகிறது எண்டு சொன்னது; அது எங்கிருந்து வந்தது எண்டு அப்போது சொல்லத் தெரியாது. 2009இல் வந்த 3.4 பதிப்பில்தான் அந்த மூலத்தைக் காட்டும் வசதி சேர்ந்தது. தீங்கில்லை எண்டு உறுதியான எச்சரிக்கைகளை, நிரலில் கைவைக்காமல், தனிக் கோப்பில் எழுதி அடக்கவும் முடியும்.

ஓர் ஆவணம் கையில் கிடைத்தால் நாங்கள் முதலில் கேட்கப் பழகிய கேள்வியும் இதுதானே: இது எங்கயிருந்து வந்தது?