ஆறு பேரில் ஒருவர்

1940களில் வட அமெரிக்க மருத்துவமனைகளில் பக்கவாதத்தால் இறந்தவரைப் பிரேதப் பரிசோதனை செய்யும்போது மண்டையோட்டைத் திறந்து மூளையை எடுப்பார்கள். நெஞ்சைத் திறப்பார்கள், வயிற்றைத் திறப்பார்கள். கழுத்தை மட்டும் பெரும்பாலும் தொட மாட்டார்கள். இதற்கும் மருத்துவத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஈமச்சடங்கு நிறுவனத்தார் உடல் கெடாமல் இருக்கக் கழுத்தின் பெரிய தமனி வழியாகத்தான் மருந்து ஏற்றுவார்கள். அதை யாராவது வெட்டி வைத்துவிட்டால் அவர்கள் வேலை கெட்டுவிடும். ஆகவே கழுத்து அவர்களுக்கு, மூளை மருத்துவர்களுக்கு என்று எழுதாத ஒப்பந்தம்.

இப்படிப் பங்கு பிரித்ததில் ஒரு நோயின் காரணம் பல வருஷம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த ராம்சே ஹன்ட் 1914லேயே, பக்கவாதம் என்றால் கழுத்துத் தமனியையும் பாருங்கள் என்று எழுதியிருந்தார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூளைக்குள் ஏதோ ஒரு குழாய் அடைத்துக்கொண்டது, அல்லது குழாய் சுருங்கி இழுத்துக்கொண்டது என்பதே பாடமாக இருந்தது.

காதில் போட்டுக்கொண்டவர் சார்லஸ் மில்லர் ஃபிஷர். கனடாக்காரர். இரண்டாம் உலகப்போரில் கடற்படை மருத்துவராகப் போனார். 1941இல் அவர் இருந்த கப்பலை ஜெர்மானியர்கள் மூழ்கடித்தார்கள், மூன்றரை வருஷம் கைதி முகாம். திரும்பி வந்து மான்ட்ரியாலில் வேலை பார்க்கும்போது ஒரு நோயாளி அவரிடம் விசித்திரமாக ஒன்று சொல்கிறார். கை கால் விழுவதற்கு முன்னால் சில தடவை ஒரு கண்ணில் மட்டும் பார்வை போய்ப் போய் வந்தது. அதில் என்ன விசித்திரம்? கை கால் விழுந்தது ஒரு பக்கம், பார்வை போனது எதிர்ப்பக்கக் கண்.

நோயாளி குழப்பிக்கொள்கிறார் என்று தள்ளிவிடுவது எளிது. ஃபிஷர் தள்ளவில்லை. உடம்பின் இடப்பக்கத்தை ஆள்வது வலப்பக்க மூளை. ஆனால் வலக்கண்ணுக்கு ரத்தம் வருவது வலக்கழுத்துத் தமனியின் கிளையிலிருந்து. அதே தமனிதான் வலப்பக்க மூளைக்கும் போகிறது. ஆக ஒரு கண்ணையும் எதிர்ப்பக்கக் கை காலையும் ஒன்றாக அடிக்கக்கூடிய இடம் எது? கழுத்து! அவர் பிணவறையில் கழுத்துகளைத் திறந்து பார்த்தார். அடைப்பு இருந்தது. 1951இல் வந்த அவருடைய கட்டுரையின் கடைசிப் பகுதியில் போகிற போக்கில் ஓர் ஆசையும் உண்டு: பார்வை மங்குவது, கை மரத்துப்போவது போன்ற முன்னறிவிப்புகள் வரும் காலத்திலேயே, அடைபட்ட இடத்தைச் சுற்றி வேறு வழி போட என்றாவது அறுவை மருத்துவர்கள் கற்றுக்கொள்ளலாம்.

அந்த ஆசை உடனே பலித்த மாதிரிதான் இருந்தது. 1953 ஆகஸ்டில் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் கழுத்துத் தமனியைத் திறந்து உள்ளே படிந்திருந்ததை உரித்தெடுத்தார். 1954 மே மாதம் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் ஈஸ்ட்காட்டும் கூட்டாளிகளும் 66 வயதுப் பெண் ஒருவருக்குக் கழுத்துத் தமனியில் அறுவை செய்தார்கள். அவருக்கு அதற்குமுன் 33 தடவை கை கால் விழுந்து எழுந்திருந்தது. மூளை தாங்கவேண்டும் என்பதற்காக ஐஸ் வைத்து அவர் உடம்பை 28 டிகிரிக்குக் குளிர்வித்தார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள், நன்றாக வாழ்ந்தார்கள்.

உப்புத்தண்ணி ஓடும் வீட்டுக்குழாயைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே வெள்ளையாகப் படிந்து நூல் அளவு ஓட்டைதான் மிஞ்சியிருக்கும். கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்தில் கொழுப்பும் சுண்ணாம்பும் அப்படித்தான் படிகின்றன. ஆனால் அந்த உவமை பாதிதான் சரி. ரத்தம் குறைவது ஒரு ஆபத்து. படிந்ததில் இருந்து துணுக்கு உடைந்து மேலே போய் மூளைக்குள் அடைத்துக்கொள்வது இன்னொரு ஆபத்து, பல சமயம் அதுதான் பெரிது. ஒரு நோயாளிக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஃபிஷர் கருவி வைத்து அவர் கண்ணுக்குள் பார்த்தார். வெள்ளைத் துணுக்குகள் விழித்திரையின் ரத்தக்குழாய்களில் நகர்ந்துகொண்டிருந்தன. 1959இல் அதை எழுதினார்.

இந்த இடத்தில்தான் ஹென்றி பார்னெட் கதைக்குள் வருகிறார். 1922இல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் பிறந்து சிறுவயதில் கனடா வந்தவர், டொரான்டோவில் படித்தவர், பிறகு ஒன்டாரியோ மாகாணத்தின் லண்டன் நகரில் (ஆமாம், கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கிறது, அங்கேயும் ஒரு தேம்ஸ் ஓடுகிறது) பக்கவாத ஆய்வுக்கென்றே ஒரு பரம்பரையை உருவாக்கியவர். பறவை பார்ப்பதில் பைத்தியம். ஃபிஷர் ஒரே நோயாளியை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற ரகம் என்றால், பார்னெட் ஆயிரம் பேரை எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பாத ரகம்.

முதலில் ஆஸ்பிரின். தலைவலி மாத்திரை பக்கவாதத்தைத் தடுக்குமா என்று கேட்டபோது பலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். 585 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, யார் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பது மருத்துவருக்கும் தெரியாமல் வைத்து நடத்திய ஆய்வு 1978இல் வெளியானது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் பக்கவாதமும் மரணமும் 31 சதவீதம் குறைவு. பெண்களிடம் மட்டும் பலன் தெரியவில்லை. அதனால் அமெரிக்க அரசு 1980இல் ஆண்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. எண்ணிக்கை போதாததால் வந்த வினை அது. பெண்களுக்கும் பலன் உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. எண்ணுவதிலும் வழுக்கும் இடங்கள் இருக்கின்றன.

அடுத்தது பெரிய சண்டை. ஃபிஷர் ஆசைப்பட்ட மாற்றுவழியை 1967இல் சூரிக்கில் யாசர்கில் போட்டுக் காட்டிவிட்டார். மண்டையோட்டில் துளையிட்டு, தலைத்தோலில் ஓடும் சின்னத் தமனி ஒன்றை உள்ளே இழுத்து, மூளையின் தமனியோடு நுண்ணோக்கி வைத்துத் தைப்பது. குழாயின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர் சுமார். கைவேலையாகப் பார்த்தால் பிரமிப்புதான். உலகமெங்கும் நரம்பு அறுவை மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். அடைபட்ட சாலைக்கு மாற்றுச்சாலை போட்டால் வண்டி போகும்தானே, இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பார்னெட் சந்தேகப்பட்டார் என்பதைவிட எண்ணிப் பார்க்க விரும்பினார் என்பதே சரி. அவருடைய ஊரின் அறுவை நிபுணர் பியர்லெஸ் இந்த ஆய்வில் அவருடைய முக்கியக் கூட்டாளி. 71 மையங்கள், 1377 நோயாளிகள். பாதிப்பேருக்கு மருந்து மட்டும், மீதிப்பேருக்கு மருந்தோடு மாற்றுவழி. 1985 நவம்பரில் முடிவு வந்தது. தைத்த குழாய்களில் 96 சதவீதம் அடைக்காமல் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அறுவை செய்துகொண்டவர்களுக்குத்தான் பக்கவாதம் அதிகமாகவும் சீக்கிரமாகவும் வந்தது.

இந்த இரண்டு வாக்கியங்களை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். மருத்துவர் செய்த வேலையில் குறை இல்லை. ரத்தம் ஓடுகிறது, படத்தில் தெரிகிறது. நோயாளிக்கு மட்டும் பயன் இல்லை! ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் டெத் என்று நம்ம ஊரில் சொல்லும் கிண்டலை 71 மையங்களில் கணக்குப் போட்டு நிரூபித்த மாதிரி.

கோபம் வராமல் இருக்குமா? உண்மையிலேயே அறுவை தேவைப்பட்டவர்களை ஆய்வில் சேர்க்காமல் வெளியே ஆபரேஷன் செய்துவிட்டார்கள், மிச்சமிருந்தவர்களை வைத்து எண்ணினால் முடிவு இப்படித்தான் வரும் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அர்த்தமில்லாத கேள்வி இல்லை அது. யாருக்கு மூளையில் உண்மையிலேயே ரத்தம் போதவில்லையோ அவர்களை மட்டும் ஸ்கேனில் பொறுக்கி எடுத்து அமெரிக்காவில் இன்னொரு ஆய்வே நடத்திப் பார்த்தார்கள். 2011இல் அதன் முடிவு வந்தது. பலன் இல்லை.

கழுத்துத் தமனியை உரிக்கும் அறுவை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அது மாற்றுவழியைவிடப் பல மடங்கு பரவியிருந்தது. 1985இல் அமெரிக்காவில் மட்டும் 1,07,000. அதற்கு முந்தைய வருஷம் பார்னெட்டும் இரண்டு சகாக்களும் இதைப்பற்றிக் கவலை தெரிவித்து எழுதினார்கள். தேவையில்லாமல் செய்கிறார்கள், கை தேறாதவர்கள் செய்தால் தடுக்க வேண்டிய பக்கவாதத்தை அறுவையே கொண்டுவந்துவிடும். 1988இல் வந்த ஓர் ஆய்வு 1302 நோயாளிகளின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தது. தேவை இருந்து செய்தது மூன்றில் ஒரு பங்குதான். மூன்றில் ஒரு பங்கு செய்திருக்கவே கூடாது. மீதி ரெண்டுங்கெட்டான்.

ஆக பார்னெட் அடுத்த ஆய்வைத் தொடங்கியபோது இந்த அறுவையும் காலி என்றே பலர் நினைத்திருப்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 50 மையங்கள். கத்தி பிடிப்பவர் யார் என்றும் பார்த்தார்கள். முந்தைய இரண்டு வருஷத்தில் குறைந்தது 50 அறுவைகள் செய்து, அதில் பக்கவாதமோ மரணமோ 6 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தவர்தான் உள்ளே வரலாம்.

1991 பிப்ரவரியில் ஒரு பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டிவந்தது. பார்வை மங்கியோ கை கால் விழுந்து எழுந்தோ முன்னறிவிப்பு கண்டவர்களில், தமனி 70 சதவீதத்துக்கு மேல் அடைபட்டிருந்த 659 பேர் அந்தப் பகுதி. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு வருஷத்தில் அதே பக்கப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 26 சதவீதம். அறுவை செய்தவர்களுக்கு 9. ஆறு பேருக்குச் செய்தால் ஒருவரைக் காப்பாற்றலாம். இனிமேலும் சீட்டுக் குலுக்குவது நியாயமில்லை. கட்டுரை அச்சாகும்வரை காத்திராமல் மருத்துவர்களுக்கு அவசரச் செய்தி அனுப்பினார்கள்.

கவலை தெரிவித்து எழுதியவரே அந்த அறுவைக்கு மிக வலுவான சாட்சியாகிவிட்டார். மாற்றுவழி ஆய்வில் ஓர் அறுவையின் நம்பிக்கை உடைந்தது, இதில் அவருடைய சந்தேகத்தில் ஒரு பாதி உடைந்தது. இரண்டையும் அவர் ஒரே மாதிரி அச்சிட்டார் என்பதில்தான் அவர்மேல் எனக்கு மரியாதை. மருந்துச் சீட்டு விழுந்தவர்களில், அந்த ஆறு பேரில் ஒருவரைப் பற்றியும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. குலுக்கலில் அவர் பக்கம் மாறி விழுந்திருக்கலாம். ஆனால் அவரைப் போன்றவர்கள் சம்மதித்திருக்காவிட்டால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

1998இல் மீதிப் பகுதியும் வந்தது. அடைப்பு 50இலிருந்து 69 சதவீதம் என்றால் பலன் கொஞ்சம்தான். ஐந்து வருஷத்தில் 22 சதவீதம் 16 ஆகக் குறைகிறது. 50க்குக் கீழே என்றால் கழுத்தைத் திறக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஸ்கேனில் மட்டும் அடைப்பு தெரிகிறவர்களை என்ன செய்வது? 1995இல் வேறொரு குழு நடத்திய ஆய்வில், ஐந்து வருஷத்தில் 11 சதவீத ஆபத்து 5 ஆகக் குறைந்தது. பாதிக்குப் பாதி என்று விளம்பரம் செய்யலாம். வருஷத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் என்றும் சொல்லலாம். ஒருவரைக் காப்பாற்றக் கிட்டத்தட்ட 17 பேரின் கழுத்தைத் திறக்கவேண்டும், அதுவும் தேர்ந்த கைகளில். பார்னெட் இரண்டாவது கணக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நோய்க்குறி இல்லாதவர்களைத் தேடிப்பிடித்து அறுப்பதை எதிர்த்து முதுமையிலும் எழுதினார். 2016 அக்டோபரில், 94 வயதில் இறந்தார். அந்த விவாதம் அவருக்குப் பிறகும் நடந்துகொண்டிருக்கிறது.